ஏரி உடைந்ததற்கு இரண்டு சான்றுகள்

அந்த டீச்சரை எனக்கு முதலில் ஓர் எண்ணாகத்தான் தெரியும். புள்ளி வைத்து நான்காகப் பிரித்த எண். இணையக் கலைக்களஞ்சியத்தில் பெயர் பதிவு செய்யாமல் திருத்துகிறவர்களுக்கு, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர்கள் உட்கார்ந்திருக்கும் கணினியின் எண் விழும். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில், பலகை அடித்துத் தடுத்த ஒரு மூலையில், ஒரு மதியம் அன்றைய மாற்றங்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எண் வந்தது. அதற்கு நேரே குன்னம் பக்கத்து ஏரி ஒன்றின் பெயர். அந்த எண்ணுக்குரியவர் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்திருந்தார். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் ‘இது பொய்’ என்று மட்டும் இருந்தது.

எடுக்கப்பட்ட வாக்கியம் இது: ‘மடை திறக்கும் பணியாளர் கரையை வெட்டிவிட்டதால் ஏரி உடைந்தது.’ அதன் முடிவில் ஓர் அடிக்குறிப்பு. அது ஒரு நாளிதழின் பழைய செய்தியைச் சுட்டியது. அடிக்குறிப்பைப் பார்க்காமலே எனக்கு அந்த வாக்கியம் தெரியும். நாளிதழில் அதை எழுதியவன் நான்.

அந்த நாளிதழுக்கு நான் பகுதி நேர நிருபர். நேரம்தான் பகுதி, வேலை முழுசு. அரியலூரும் பெரம்பலூரும் என் பொறுப்பு. கலைக்களஞ்சியத்தில் எழுதத் தொடங்கியது 2005 வாக்கில். செய்தியில் இடமில்லை என்று வெட்டப்பட்டதெல்லாம் அங்கே போடலாம் என்பதுதான் முதலில் இழுத்தது: சுண்ணாம்புக்கல் குழிகள், ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக் காடுகள், சிறுவாச்சூர்க் கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். புனைபெயரில் எழுதினேன். நிருபர் என்று யாருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அப்போது தமிழில் தொடர்ந்து எழுதியவர்கள் ஒரு டவுன் பஸ்ஸின் இருக்கைகளைக்கூட நிரப்பமாட்டார்கள்.

ஆள் குறைவானாலும் சண்டைக்குக் குறைவில்லை. அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, கொஞ்ச காலத்திலேயே மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டிருந்தது. அதை மாவட்டம் என்று எழுதுவதா, ஊர் என்று எழுதுவதா என்று இரண்டு பேர் மூன்று வாரம் ஒருவர் எழுதியதை ஒருவர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு அரசாணைகளையும் வரிசையாக வைத்து, இருவரும் மறுக்க முடியாத ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். இருவரும் அடங்கினார்கள். அதிலிருந்து எங்கள் பக்கத்துத் தகராறு எது வந்தாலும் என்னிடம் அனுப்பினார்கள்; பக்கத்தைப் பூட்டவும் ஆளைத் தடை செய்யவும் அதிகாரமும் கொடுத்தார்கள். நிதானமானவன், யார் பக்கமும் சாயாதவன் என்று எனக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது.

ஏரி உடைந்தது நான் கலைக்களஞ்சியத்துக்கு வருவதற்கு ஏழெட்டு வருடம் முன்னால், ஓர் ஐப்பசி அடைமழையில். நான் நிருபராகி அதிக நாள் ஆகவில்லை. கீழத்தெருவில் தண்ணீர் புகுந்து ஒரு பெண் இறந்தாள். விதைக்கு வைத்திருந்த சின்ன வெங்காயம், அடுக்கி மூடிய பட்டறையோடு போயிற்று. நான் ஊருக்குப் போகவில்லை. தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடியது. பஸ் இந்தக் கரையிலேயே நின்றுவிட்டது. இந்தப் பக்கம் இருந்த ஓர் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து, நனைந்த சட்டையோடு டீ குடித்துக்கொண்டே கேட்டு எழுதினேன். அங்கே ஒருவர் கோப்பைக் கட்டிக்கொண்டே, “மடைக்காரன் கரைய வெட்டி வுட்டுட்டான் சார், எழுதிக்குங்க” என்றார். நான் ‘வெட்டியதாகக் கூறப்படுகிறது’ என்று எழுதி ஃபேக்ஸ் அனுப்பினேன். திருச்சி அலுவலகத்தில் இடத்துக்காக ‘கூறப்படுகிறது’ போய்விட்டது. இதை நான் பல காலம் எனக்குச் சாதகமான விஷயமாக நினைத்துவந்தேன். அந்தச் சொல் இருந்திருந்தாலும் ஊர் படித்திருப்பது வெட்டினான் என்றுதான்.

பத்து நாள் கழித்து நிவாரணச் செய்திக்காக ஏரிக்குப் போனேன். உடைப்பு மடைக்கு வெகு தொலைவில், கரை வளையும் இடத்தில் இருந்தது. உள்ளே கருவேல மர வேர்கள் அழுகித் தொங்கின. அது ஒரு மனிதன் மண்வெட்டியால் வெட்டிய இடமல்ல என்பது பார்த்ததும் தெரிந்தது. மடைக்குப் போய்ப் பார்த்தேன். கதவை ஏற்றி இறக்கும் திருகுக் கம்பி துருவேறி இறுகியிருந்தது. தண்ணீரை முன்னதாகத் திறந்துவிட வழியே இருந்திருக்காது. அலுவலகத்துக்குப் போன் செய்து சொன்னேன். “பழைய நியூஸ்யா, விடு” என்றார்கள். விட்டேன்.

கலைக்களஞ்சியத்தில் அந்தச் செய்தியைச் சேர்த்தவர் டொராண்டோவில் இருந்த ஒரு பொறியாளர். ஜெயங்கொண்டத்துக்காரர். ஊர் ஏரிகளைப் பற்றிய பத்திரிகைத் துண்டுகளை வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தார். கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாத மனிதர். எண்ணுக்குரியவர் வாக்கியத்தை எடுத்தார். பொறியாளர் திரும்ப வைத்தார். அவர் மறுபடி எடுத்தார். நான்காம் முறை நடந்ததும் பக்கத்தைப் பூட்டி, அந்த எண்ணை ஒரு வாரம் தடை செய்தேன். விதிப்படி செய்தது. பிறகுதான் தெரிந்தது, அந்த எண் பெரம்பலூரில் ஒரு பிரவுசிங் சென்டருடையது. தடை அந்தக் கடைக்கு வந்த எல்லோர் மீதும் விழுந்திருந்தது.

தடை முடிந்த நாளில் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் அவர் எழுதினார். ‘ஐயா, வணக்கம். மேற்படி ஏரியின் மடைப் பணியாளர் என் தகப்பனார். அவர் கரையை வெட்டவில்லை. ஆகவே அந்த வரியை நீக்கிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.’ மனு எழுதிப் பழகிய கை என்பது தெரிந்தது. நான் மரியாதையாகப் பதில் எழுதினேன். கலைக்களஞ்சியத்தில் எதையும் அச்சில் வந்த சான்றை வைத்துத்தான் எழுத முடியும். ஒருவர் கண்ணால் கண்டது, வீட்டில் கேட்டது சான்றாகாது. மேலும், சம்பந்தப்பட்டவரின் பிள்ளை என்பதால் நீங்கள் இந்தக் கட்டுரையைத் திருத்தாமல் இருப்பது முறை. இப்படி எழுதினேன். அந்தக் கட்டுரையைத் தொடக்கூடாத ஆள் ஒருவர் உண்டென்றால் அது நான்தான். எழுதி முடித்து ஒரு முறை படித்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவர் விடவில்லை. தன்னிடம் காகிதங்கள் இருப்பதாகவும், யாராவது நேரில் வந்து பார்க்க முடியுமா என்றும் கேட்டு, பெரம்பலூர் முகவரி கொடுத்தார். மற்றவர்கள், நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள், போய்ப் பாருங்களேன் என்றார்கள். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். போனேன்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், மாடியில் ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையம். எட்டு இயந்திரங்கள், ஆறு ஆங்கிலம், இரண்டு தமிழ். டீச்சருக்கு அப்போது முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். மூன்று பெண்கள் ஒரே பத்தியை அடித்துக்கொண்டிருந்தார்கள். என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ஓசையை வைத்து, “கடைசி மிஷின், சுண்டு விரல வேலைக்கு வுடும்மா, அதுக்கும் சோறு போடுறல்ல” என்று திரும்பாமல் சொன்னார். எனக்கு டீ சொன்னார். என்னைக் கலைக்களஞ்சியத்து ஆள் என்று மட்டுமே அறிந்திருந்தார். என்ன தொழில் என்று கேட்டதற்குப் பிரைவேட் என்று சொல்லி வைத்தேன்.

காகிதங்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தன. மடைக் கதவின் திருகு இறுகிவிட்டது, மழைக்கு முன் சரிசெய்ய வேண்டும் என்று அவர் தகப்பனார் கொடுத்த மனுக்களின் கார்பன் நகல்கள். மூன்று. மூன்றிலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை. கடைசி மனு, ஏரி உடைவதற்கு இரண்டு மாதம் முந்தியது. “நான் டைப்பிங் லோயர் படிச்சுக்கிட்டிருந்தேங்க அப்ப. பழகுறதுக்கு எதையாவது அடிக்கணுமேன்னு அப்பா மனுவ அடிச்சேன்” என்றார். முதல் மனுவில் எழுத்துகள் ஏறியும் இறங்கியும் இருந்தன. மூன்றாவது சுத்தமாக இருந்தது.

“எங்கப்பாவுக்கு மம்புட்டி புடிக்கவே வராதுங்க சார். சாவி, கம்பி, எண்ணெ டப்பா, அதோட சரி. கொல்லையில கொத்துறதெல்லாம் அம்மாதான். ஊர்ல அதச் சொல்லித்தான் கேலி பண்ணுவாங்க. பேப்பர்ல வந்த மறுநாளு அதே ஆளுங்க, அவரு வெட்டுனதப் பாத்தோம்னாங்க.”

“ஏன் அப்படிச் சொன்னாங்க?”

“பேப்பர்ல வந்துருச்சுல்ல.”

பிறகு நடந்ததை அவர் சிரிப்பு மாதிரி ஒன்றோடு சொன்னார். கரை வெட்டுனவரு வூடு என்று சொன்னால்தான் தபால்காரருக்கே தெரியும் என்ற நிலை வந்தது. கீழத்தெருவில் இறந்த பெண்ணின் புருஷன் ஒரு வார்த்தை பேசாமல் தினமும் அவர்கள் வாசலில் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அதற்கு மேல் தாங்காமல் குடும்பம் பெரம்பலூருக்கு வந்தது. தகப்பனார் இங்கே காலையில் எழுந்ததும் நூலகத்துக்குப் போய்விடுவார். அதே பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பார்ப்பார். மறுப்பு வரும் என்று எதிர்பார்த்தார். நாலு வருடம் பார்த்தார். சாவதற்கு முந்தின வாரமும் மகளை அனுப்பிப் பார்த்துவரச் சொல்லியிருக்கிறார்.

“இந்தக் காயிதம் போதாதுங்களா சார்?” என்று கேட்டார்.

போதாது என்றேன். மனு அச்சில் வெளிவந்ததல்ல. முத்திரை, மனு வந்து சேர்ந்தது என்பதற்குத்தான் சான்று. கதவு இறுகியிருந்தது என்பதற்கல்ல. நிதானமாக விளக்கினேன். டீச்சர் கேட்டுக்கொண்டார். மூன்று இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன.

“சரிங்க. அந்த நியூஸ எழுதுனவரையே தேடிப் புடிச்சு, நான் எழுதுனது தப்புன்னு சொல்ல வச்சா?”

“அவர் வாயால சொன்னா செல்லாதுங்க. அச்சுல வரணும்.”

விதிப்படி அது சரியான பதில். டீ ஆறியிருந்தது, மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

என் பத்திரிகையிலேயே அதை எழுதிவிட்டால் சான்று கிடைத்துவிடும் என்று அரியலூர் பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மழைக்கு முன் மாவட்டத்து ஏரிகளின் நிலை பற்றி ஒரு பக்கம் போட இருந்தார்கள். நான் நீளமாக ஒரு குறிப்பு அனுப்பினேன். திருகு, மனுக்கள், கருவேல வேர் எல்லாம் அதில் இருந்தன. முன்பு வந்த செய்தி தவறு என்று மட்டும் எழுதவில்லை. ‘இது குறித்து மாற்றுக்கருத்தும் உண்டு’ என்று எழுதினேன். துணை ஆசிரியராக இருந்த பையன் இரண்டு நாள் கழித்துப் போன் செய்தான்.

“அண்ணே, உங்க மேட்டர் நீளம்ணே. கட்டம் போட்டுட்டேன். ஏரி ஹிஸ்டரிதான் நெட்லயே இருக்கே, அதுலேருந்து எடுத்துக்கிட்டேன். உங்க பேரப் போட்டிருக்கேன் பாருங்க.”

தாலுகா ஆபீஸுக்கு எதிரே டீக்கடையில் நின்று பேப்பரை விரித்தேன். கட்டத்துக்குள் ஏரிகளின் பெயர்கள். அந்த ஏரிக்கு நேரே: ‘முன்பு மடைப் பணியாளர் கரையை வெட்டியதால் உடைந்தது.’ மேலே, அத்தனை வருடத்தில் முதன்முறையாக, என் பெயர். நான் எழுதியதைக் கலைக்களஞ்சியம் எடுத்தது. கலைக்களஞ்சியத்திலிருந்து என் பத்திரிகை எடுத்தது. ஒரு வாரத்தில் டொராண்டோக்காரர் அந்தக் கட்டத்தையும் கட்டுரையில் சேர்த்துவிட்டு, உரையாடல் பக்கத்தில் மகிழ்ச்சியோடு எழுதினார்: ‘நண்பர்களே, இரண்டாவது சான்று கிடைத்துவிட்டது.’

அது எப்படிக் கிடைத்தது என்று தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். சொன்னால் நான் யார் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. நான்கு பேர் வாக்கியம் இருக்கட்டும் என்றார்கள், ஒருவர் கூடாது என்றார். தகராறை முடித்து வைக்க வேண்டியது என் வேலை. முடித்து வைத்தேன். ‘இரண்டு தனித்த சான்றுகள் இருப்பதால் வாக்கியம் நீடிக்கிறது.’ தனித்த என்ற சொல்லை யாரும் கேட்கவில்லை. நானாகப் போட்டேன்.

அதன் கீழே டீச்சர் ஒரு வரி எழுதினார். அதுவரை மனு நடையில் எழுதிவந்தவர் அன்று பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார்: ‘ஒரே ஆளு சட்டைய மாத்திக்கிட்டு ரெண்டு தடவ வந்தா ரெண்டு சாட்சியா சார்?’ அது விவாதத்துக்குப் பொருத்தமில்லாத குறிப்பு என்று பொறியாளர் கருதினார்.

அவர் அரியலூருக்கு வந்தது 2007இல், மாவட்டம் மறுபடியும் பிரியப் போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம். எங்கள் அலுவலகத்திலும் ஒரு பேச்சு இருந்தது: புது மாவட்டத்துக்கு முழுநேர நிருபர் போடுவார்கள், அது நானாக இருக்கலாம். காலை பதினொரு மணி. டீக்கடையில் நாங்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். அவர் அந்த ஏரிப் பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அதில் போட்டிருந்த பெயரைச் சொல்லிக் கடைக்காரரிடம் விசாரித்தார். “அதோ, கண்ணாடி போட்டுக்கிட்டு நிக்கிறாரே” என்று கடைக்காரர் கரண்டியால் காட்டினார். டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

“நீங்களா சார்” என்றார்.

நான் அவரைக் கொஞ்சம் தள்ளி, ஜெராக்ஸ் கடை நிழலுக்கு அழைத்துப் போனேன். அந்த வரி அலுவலகத்தில் சேர்த்தது என்றேன்.

“பழசு?”

“அது நான் எழுதினதுதான்.”

பேப்பரை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். “அன்னிக்கு வந்து எதுக்க உக்காந்திருந்தப்பவே தெரியும் உங்களுக்கு.”

“தெரியும்.”

“எழுதுனவரு சொன்னாலும் செல்லாதுன்னீங்க.”

“விதி அதுதாங்க.”

“விதிய வுடுங்க சார். நீங்க சொல்லவே இல்லயே.”

அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. ஒரு மறுப்பு வேண்டும் என்றார். நாலு வரி போதும். அப்பா பேர்கூட வேண்டாம், பேரைப் போட்டால் அதையும் நாலு பேர் பேசுவார்கள். வெட்டவில்லை என்று வந்தால் போதும். “அவரு பாத்துக்கிட்டே இருந்தாரு சார். அவருக்காவ இல்ல, நானும் பாத்துப் பழகிட்டேன். காலையில பேப்பர எடுத்தா கண்ணு அதத்தான் தேடுது.”

மறுப்பு போட்டால், பத்து வருடத்துப் பிழையை இப்போது ஏன் சொல்கிறாய் என்று அலுவலகம் கேட்கும். போன மாதம் உன் பெயரிலேயே மறுபடி வந்ததே என்று கேட்கும். முழுநேர நிருபர் பட்டியலில் என் பெயருக்கு நேரே அது எழுதப்படும். இதெல்லாம் ஜெராக்ஸ் இயந்திரம் ஒரு தாளை எடுத்துத் துப்புகிற நேரத்துக்குள் எனக்குத் தோன்றிவிட்டது.

“பாக்கலாங்க” என்றேன்.

“எங்க பக்கம் பாக்கலாம்னா முடியாதுன்னு சொல்றது. நீங்களும் இந்தப் பக்கந்தானே சார்” என்றார். பிறகு, “சரிங்க, போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து போனார். அந்த நேரத்திலும் போயிட்டு வரேன் என்று சொல்லும் பழக்கம் அவரை விடவில்லை.

மாவட்டம் பிரிந்தது. எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. கலைக்களஞ்சியத்திலிருந்து, நேரமில்லை என்று எழுதிவிட்டு விலகினேன். உங்கள் நிதானம் எங்களுக்கு இழப்பு என்று டொராண்டோக்காரர் எழுதியிருந்தார். அதன் பிறகு பல வருடம் பெரம்பலூருக்கு வேலையாகப் போய்வந்தேன். அந்த மாடி இருக்கும் தெருவைத் தவிர்த்து வேறு தெரு வழியாகப் போனேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு முறை அதே தெருவில் போனேன். மாடியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை இருந்தது. டீச்சர் ஊரைவிட்டுப் போய் ரொம்ப நாளாயிற்று, எங்கே என்று தெரியாது என்றார்கள். கட்டுரையில் அந்த வாக்கியம் இன்றைக்கும் இருக்கிறது, இரண்டு அடிக்குறிப்புகளோடு. இன்று காலையிலும் பார்த்தேன்.

அவர் கேட்டது நாலு வரி. அந்த ஏரிக்கரையை யாரும் வெட்டவில்லை. மடைக் கதவு இறுகிக் கிடந்ததையும் மடைப் பணியாளர் மூன்று முறை கொடுத்த மனுக்களின் முத்திரையிட்ட நகல்களையும் நான் கண்ணால் பார்த்தேன். அவர் வெட்டினார் என்று வந்த இரண்டு செய்திகளில் முதலாவது ஊருக்குப் போகாமலே நான் எழுதியது, இரண்டாவது அதன் நகல். இது பிழை என்று தெரிந்த பத்தாம் நாளிலிருந்து, அலுவலகத்துக்கு ஒரு போன் செய்ததைத் தவிர, நான் வெளியில் வாய் திறக்கவில்லை.

இது அச்சில் வந்த பிறகு, யாராவது நல்ல மனதோடு இதை அங்கே மூன்றாவது சான்றாகச் சேர்க்கக்கூடும். நீடிக்காது. சம்பந்தப்பட்டவரே தன் நினைவிலிருந்து எழுதியது, சரிபார்க்க வழியில்லை என்று குறிப்புப் போட்டு ஒருவர் எடுத்துவிடுவார். மரியாதையாகத்தான் எழுதுவார். அவர் இடத்தில் இருந்தால் நானும் எடுத்திருப்பேன்.